ஏறும்போது சுமை, இறங்கும்போது துணை

1980களில் ஆஸ்திரியாவில் இரண்டு பேர் பனிச்சறுக்கின் வரலாற்றை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள்.

ஒருவர் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் பார்தெல். ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கில் கனத்த ஸ்கீகளோடும், பூட்ஸை அவற்றோடு பிணைக்கும் பைண்டிங்குகளோடும் ஏறிக் கால் ஓய்ந்து திரும்பியவர் அவர். இத்தனை இரும்பை மலைமேல் தூக்கிப் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. பூட்ஸின் முன்பக்கத்தில் இரண்டு சிறு குழிகள், அவற்றை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு உலோக ஊசிகள். அவ்வளவுதான் அவர் கண்ட விடை. 1984 வாக்கில் அவர் உருவாக்கிய அந்த ஊசிப் பைண்டிங் பின்னர் டைனாஃபிட் நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் பரவியது.

இன்னொருவர் அடோமிக் நிறுவனத்தில் பணியாற்றிய ரூபர்ட் ஹூபர். 1988-ல் ஒரு ஸ்னோபோர்டை எடுத்து நடுவே நீளவாக்கில் அறுத்து, இரண்டு ஸ்கீகளாக்கினார். அன்றைய கண்ணுக்கு அவை விகாரமாகத் தெரிந்திருக்கும். குட்டைப் படகுபோல் அகலம். ஆனால் இடுப்பளவுப் பொடிப்பனியில் வல்லவர்களே தத்தளித்த இடத்தில் அவை மிதந்தன. அதிலிருந்து பிறந்த அகன்ற ஸ்கீகளுக்கு ‘ஃபேட் பாய்’ என்ற செல்லப்பெயர் வந்தது.

பார்தெல் ஏற்றத்துக்காக எடையைக் கழற்றினார். ஹூபர் இறக்கத்துக்காக அகலத்தைக் கூட்டினார். அகலம் வந்தால் எடையும் கூடவே வரும். இந்த இரு பக்கங்களுக்கும் இன்று பெயர் உண்டு. தயார் செய்யப்பட்ட தடத்தை விட்டு விலகி, இயற்கைப் பனியில் இறங்குவதே இன்பம் என்றிருப்பது ஃப்ரீரைடு. சொந்தக் காலால் மலை ஏறி, அதே காலால் இறங்குவது டூரிங். நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஒருவர் இன்று கடைக்குள் நுழையும்போது, சுவரில் சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு ஸ்கீயும் இந்த இரு இழுப்புகளுக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில் நிற்கிறது. எந்த இடம் தனக்கு உரியது என்று கண்டுபிடிக்க விளம்பரத் தாளைவிட இயற்பியல் அதிகம் உதவும்.

பனி நம்மை எப்படித் தாங்குகிறது?

ஒரு வாளித் தண்ணீர் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதே வாளியில் புதிதாக விழுந்த உலர்ந்த பொடிப்பனியை அள்ளினால் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரைதான் இருக்கும். மீதியெல்லாம் காற்று. இந்தக் காற்றுப் பஞ்சின்மேல்தான் நாம் நிற்க நினைக்கிறோம்.

உடம்பு, பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் சேர்த்து 85 கிலோ உள்ள ஒருவர் பூட்ஸோடு நடந்தால், அடியெடுத்து வைக்கும் ஒற்றைக் காலின்கீழ் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 280 கிராம் அழுத்தம். தொடைவரை புதைவார். இடை 72 மி.மீ. உள்ள குறுகிய தட ஸ்கீகள் இரண்டின்மேல் நின்றால் அந்த அழுத்தம் ஏறக்குறைய 28 கிராமாகக் குறைகிறது. இடை 104 மி.மீ. உள்ள ஃப்ரீரைடு ஸ்கீயில் 21 கிராம். இங்கே ‘இடை’ என்பது ஸ்கீயின் மிகக் குறுகிய பகுதி, பூட்ஸுக்கு நேர் கீழே இருப்பது. கடைக்காரர் சொல்லும் முதல் எண் அதுதான்.

காலிலிருந்து ஸ்கீக்கு மாறியபோது அழுத்தம் பத்தில் ஒன்றானது. குறுகிய ஸ்கீயிலிருந்து அகன்றதற்கு மாறியபோது கால்வாசிதான் குறைந்தது. அப்படியானால் இறங்கும்போது இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்?

விடை வேகத்தில் இருக்கிறது. ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தட்டையாக வீசியவர்களுக்கு இது தெரியும். கையிலிருந்து நழுவ விட்டால் மூழ்கும். வீசினால் நீரின்மேல் தத்தித் தத்திப் போகும். சில்லு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. ஓடும் ஸ்கீயும் அப்படியே பனியைக் கீழே தள்ளி மேலெழுகிறது. இப்படி எழும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதனால்தான் ஆழ்ந்த பனியில் பயந்து மெல்லப் போகிறவர் புதைகிறார், துணிந்து விடுகிறவர் மிதக்கிறார். அகலமான ஸ்கீ செய்யும் உண்மையான உதவி, குறைந்த வேகத்திலேயே மிதப்பைத் தொடங்கி வைப்பது. மரங்களுக்கு நடுவே நுழைந்து போகும்போது அந்த வேறுபாடு உயிர் காக்கும்.

சில்லின் முனை நீருக்குள் குத்தினால் ஆட்டம் முடிந்தது. ஸ்கீக்கும் அதே கதிதான். நெடுங்காலம் ஸ்கீகள் எல்லாமே ‘கேம்பர்’ எனும் வடிவில் இருந்தன. தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்போல் மேலெழுந்து நிற்கும். ஆள் ஏறி நின்றதும் அந்த வில் தட்டையாகி, முனைக்கும் வாலுக்கும் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும். கெட்டித் தடத்தில் பிடிமானம் தருவது இதுவே. பொடிப்பனியிலோ முனையைக் கீழே குத்த வைப்பதும் இதுவே. ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர் இதைத் தலைகீழாக யோசித்தார். ஆழ்ந்த பனி தண்ணீரைப் போல நடந்துகொள்கிறதென்றால் ஸ்கீயும் நீர்ச்சறுக்குப் பலகை போலத்தானே இருக்க வேண்டும்? அலாஸ்காவின் மலைச்சரிவில் நீர்ச்சறுக்கு ஸ்கீகளையே மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். அவர் எண்ணப்படி 2002-ல் வோலான்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பாட்டுலா’வுக்கு முனையும் வாலும் வாழைப்பழம்போல் மேல்நோக்கி வளைந்திருந்தன, நடுப்பகுதிதான் மிக அகலம். இந்த மேல்வளைவுக்கு ‘ராக்கர்’ என்று பெயர். இன்று பெரும்பாலான ஃப்ரீரைடு, டூரிங் ஸ்கீகள் முனையில் ராக்கரும் காலடியில் கேம்பரும் கலந்தவை.

அகலத்துக்குக் கொடுக்கும் விலை

‘அப்படியானால் அகலமே நல்லது’ என்று 120 மி.மீ. ஸ்கீயை வாங்கிக்கொண்டு போகிறவரை மலை ஒரே காலையில் திருத்திவிடும். இரவில் உறைந்த சரிவு விடியலில் கண்ணாடிபோல் இருக்கும். அங்கே ஸ்கீயின் இரும்பு விளிம்பு மட்டுமே தரையைத் தொடும். காலின் நடுக்கோட்டிலிருந்து அந்த விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில்தான் சங்கதி. இடை 80 மி.மீ. என்றால் 40 மி.மீ. தள்ளி, 110 என்றால் 55 மி.மீ. தள்ளி. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள அதே நெம்புகோல் கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஸ்கீயைச் சாய்த்தே வைத்திருக்க, கணுக்காலும் முழங்காலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான திருகுவிசையைத் தாங்க வேண்டும். இடை அகலம் மாறினால் முழங்கால் வளைந்து திரும்பும் கோணங்களே மாறிப்போகின்றன என்று ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் 2015-ல் அளந்து காட்டினார்கள்.

ஏற்றத்திலும் அதே விலை உண்டு. கெட்டியான சரிவைக் குறுக்கே கடக்கும்போது மேட்டுப்பக்க விளிம்பில்தான் உடலின் எடை முழுதும் நிற்கும். அகன்ற ஸ்கீ அந்த நேரத்தில் ஓயாமல் காலைத் திருகிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் அப்படிக் கடந்தவர்களுக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம்.

ஸ்கீயின் பக்க வளைவையும் பார்க்க வேண்டும். முனையும் வாலும் அகன்று இடை ஒடுங்கி இருப்பதால்தான் சாய்த்த ஸ்கீ தானே வட்டத்தில் திரும்புகிறது. பனியைத் தொடும் நீளத்தின் இருமடியை, இடை உள்வாங்கிய ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். தொடும் நீளம் 1.5 மீட்டர், அளவுகள் 122–70–106 என்றால் ஆரம் சுமார் 13 மீட்டர். தடத்தில் சுறுசுறுப்பாகச் சுழலும். அதே நீளத்தில் 132–104–122 என்றால் 24 மீட்டருக்கும் மேல். அகன்ற சரிவில் நீண்ட வளைவுகளாகப் பாயும். ஒழுங்கற்ற பனியில் பெரிய ஆரம்தான் அமைதி தரும். ஆழ்ந்த வளைவுள்ள ஸ்கீயின் அகன்ற முனை, பொருக்குப் பனியில் எதையாவது கவ்விக்கொண்டு கேளாமலே திரும்பப் பார்க்கும்.

ஏற்றத்தின் கணக்கு

டூரிங் செல்வோர் ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ எனும் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் கடல்நாயின் தோல். இப்போது மோஹேர் எனும் ஆட்டு மயிரோ நைலானோ. மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். மோஹேர் நன்றாக வழுக்கும், நைலான் நன்றாகப் பிடிக்கும். இரண்டும் கலந்தவை பலருக்குப் பொருந்தும்.

இப்போது எடையை நிறுத்துப் பார்ப்போம். ஒரு காலுக்கு இலகுவான டூரிங் ஸ்கீ 1.3 கிலோ, ஊசிப் பைண்டிங் 0.3, டூரிங் பூட்ஸ் 1.3: ஆக 2.9 கிலோ. ஃப்ரீரைடு ஸ்கீ 2.1, கனத்த பைண்டிங் 0.9, கெட்டியான பூட்ஸ் 1.8: ஆக 4.8 கிலோ. ஒரு காலுக்கு 1.9 கிலோ வேறுபாடு, இரண்டுக்கும் 3.8.

இந்த 3.8 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன என்று வைத்தாலும், 40 கிலோகலோரியைத் தாண்டாது. ஒரு சிறிய இட்லி போதும்.

ஓர் இட்லிக்காகவா மலையேறுகிறவர்கள் கிராம் கிராமாகக் கணக்குப் பார்க்கிறார்கள்? உயரத்துக்குத் தூக்குவது மட்டுமே வேலை என்று எடுத்துக்கொண்டதால் வந்த குறை இது. 15 பாகைச் சாய்வில் வளைந்து வளைந்து 1,000 மீட்டர் ஏற, பனியில் ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அடிக்கு 70 சென்டிமீட்டர் என்றால் 5,500 அடிகள். ஒவ்வோர் அடியிலும் நின்ற கால் ஒன்று புறப்பட்டு, வேகமெடுத்து, மறுபடி நிற்கிறது. கூடுதலான 1.9 கிலோவை 5,500 முறை புறப்பட வைத்தால், கூட்டிப் பார்க்கையில் பத்து டன்னுக்கு மேல். முதுகில் இருக்கும் எடை ஒரே சீராக நகர்கிறது. காலில் இருக்கும் எடை ஊசல்போல் ஆடுகிறது. காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமந்த ஒரு கிலோவைவிடப் பல மடங்கு ஆற்றலைக் கேட்கும் என்பது நடை பற்றிய ஆய்வுகளில் நிலைபெற்ற உண்மை. ஸ்கீயைத் தூக்காமல் பனியோடு இழுத்து நகர்த்தத் தெரிந்தவருக்கு அந்த அபராதம் குறையும்; முழுதாக நீங்காது. செங்குத்தான சரிவில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கீயைத் தூக்கி வீசித் திருப்பித்தான் ஆக வேண்டும்.

பார்தெலின் கண்டுபிடிப்பு வென்றதன் காரணமும் இங்கே இருக்கிறது. பழைய சட்டகப் பைண்டிங்குகளில் குதிகாலோடு சேர்ந்து பைண்டிங் முழுதும் அடிதோறும் மேலெழும். ஊசிப் பைண்டிங்கில் பூட்ஸின் குதிகால் மட்டுமே எழுகிறது. உலோகம் ஸ்கீயோடு கிடக்கிறது.

இறக்கத்தில் எடை துணையாவது

உச்சி வந்துவிட்டது. ஸ்கின்னை உரித்துப் பைக்குள் வைத்தாயிற்று. இந்த நொடியில் அதே எடை தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது.

மலைச்சரிவில் பனி ஒரே மாதிரி இருப்பதில்லை. நிழலில் பொடி, முகட்டில் காற்று இறுக்கிய பலகை, வெயில் பட்ட இடத்தில் பொருக்கு, அடுத்தவர் சறுக்கிப் புரட்டிய கட்டிகள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் ஸ்கீயின் முனை ஒரு கட்டியில் மோதினால் ஒரு தள்ளு விழுகிறது. ஒரே தள்ளுக்கு 1.3 கிலோ ஸ்கீ, 2.1 கிலோ ஸ்கீயைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு அதிக வேகத்தில் விலகும். கனமான ஸ்கீ கட்டியை நொறுக்கிக்கொண்டு போகிறது. இலகுவானது தன் வழியிலிருந்து தட்டிவிடப்படுகிறது. காலும் பூட்ஸும் கனமாக இருந்தாலும் முனை அவற்றிலிருந்து தள்ளி, வளையும் பலகையின் நுனியில் தனியே ஆடுகிறது. அங்கே அதன் சொந்த எடைதான் அதற்குத் துணை.

பிறகு அதிர்வு. ஒவ்வொரு மோதலுக்கும் ஸ்கீ மீட்டிய கம்பிபோல் துடிக்கும். துடிக்கும் நேரமெல்லாம் விளிம்பு பனியை விட்டுவிட்டுத் தொடும். இங்கேதான் பொருள்கள் பேசுகின்றன. கார்பன் இழை இலகு, விறைப்பு. ஆனால் அதிர்வைத் தன்னுள் வாங்கி அடக்கும் குணம் குறைவு. டைட்டனால் என்று விற்கப்படும் தகடு, பெயரைப் பார்த்துப் பலர் நினைப்பதுபோல் டைட்டானியம் அன்று. துத்தநாகமும் மக்னீசியமும் செம்பும் சேர்ந்த அலுமினியக் கலவை. எடை கூடும், நிதானமும் கூடும். நடு மரத்திலும் இதே பேரம். பவுலோனியா மரம் கன மீட்டருக்கு 300 கிலோவுக்கும் குறைவு. ஆஷ் மரம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல ஸ்கீ செய்கிறவர் வலு வேண்டிய இடங்களில் கனத்த மரத்தையும் மற்ற இடங்களில் இலகு மரத்தையும் கலந்து வைக்கிறார்.

எடையைக் குறைக்க ஸ்கீயை மெல்லியதாக்கினால் என்ன? வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. பத்து விழுக்காடு தடிமன் போனால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். எடையில் சிறிது மிச்சம் பிடிக்கப் போய்க் குணத்தில் பெரிதாக இழக்கும் கதை இதுதான். திறமை வளர வளர ஒருவர் ஸ்கீயின்மேல் செலுத்தும் விசையும் வேகமும் கூடுகின்றன. தொடக்கநிலையாளரின் காலில் நல்லபிள்ளையாக இருந்த மெல்லிய ஸ்கீ, தேர்ந்தவரின் காலில் துவண்டு போகும்.

கழன்றுகொள்ளத் தெரிந்த பூட்டு

பைண்டிங்கின் முதல் கடமை பிடிப்பது. அதற்கு இணையான கடமை, எலும்போ தசைநாரோ உடையும் முன் விட்டுவிடுவது. அந்த எல்லையை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டு பட்டியல்படி கணக்கிட்டுத் திருகி வைப்பார்கள். தடத்துக்கான பைண்டிங்கில் மீள்தன்மை அதிகம். திடீர் உதறலில் சற்று விலகி மறுபடி தன் இடத்துக்குத் திரும்பும். ஊசிப் பைண்டிங்குகள் பலவற்றில் அந்த விட்டுக்கொடுப்பு குறைவு. இரண்டையும் சேர்க்கும் முயற்சியாக 2018-ல் சாலமன் நிறுவனம் கொண்டுவந்த ‘ஷிஃப்ட்’, ஏறும்போது ஊசியால் பிடித்து, இறங்கும்போது முழுத் தடப் பைண்டிங்காக மாறியது. விலை, காலுக்கு ஏறத்தாழ 0.9 கிலோ.

ஊசிப் பைண்டிங் பயன்படுத்துவோர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஏறும்போது கழலாமல் இருக்க முன்பக்கத்தைப் பூட்டி வைப்போம். இறங்கும் முன் அந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும். பூட்டியபடியே இறங்கி விழுந்தால் ஸ்கீ விடாது, கால்தான் விட்டுக்கொடுக்கும்.

மூன்று மலை, மூன்று விடை

இனி மூன்று இடங்களில் பொருத்திப் பார்க்கலாம்.

காஷ்மீரத்தின் குல்மார்க். கோண்டோலா சுமார் 3,950 மீட்டர் உயரத்தில், அஃபர்வட் மலையின் தோளில் இறக்கிவிடுகிறது. ஏற்றத்தை இயந்திரம் பார்த்துக்கொள்வதால், முகட்டோரம் அரை மணி நடப்பதோடு கால்வேலை பெரும்பாலும் முடிந்தது. இங்கே எடையைக் கண்டு அஞ்ச வேண்டாம். இடை 105 முதல் 115 மி.மீ., ஸ்கீ ஒன்று 2 கிலோ அளவு, ஏறவும் இறங்கவும் மாறும் பைண்டிங்.

ஜப்பானின் ஹொக்கைடோ. சைபீரியாவின் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை முகந்துவந்து நிசெகோ போன்ற மலைகளில் ஓயாமல் கொட்டுகிறது. ஏற்றங்கள் குறுகியவை, பனி ஆழம், மரங்கள் நெருக்கம். அகலம் 108 முதல் 115. ஆனால் நொறுக்க வேண்டிய கெட்டிக் கட்டிகள் குறைவு என்பதால் எடை 1.7 கிலோ அளவுக்கு இறங்கலாம். முனையில் தாராளமான ராக்கர்.

பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை ஆறேழு நாள் செல்லும் ‘ஓத் ரூட்’. பனியாறுகள், கணவாய்கள், வசந்தத்தின் விடியலில் இரும்பாகி, பத்து மணிக்குக் குருணையாக இளகும் பனி. இடை 85 முதல் 95 மி.மீ., 1.2 முதல் 1.4 கிலோ, காலடியில் தெளிவான கேம்பர், ஊசிப் பைண்டிங், பனிக்கட்டியில் குத்தி நிற்க ஸ்கீயோடு மாட்டும் முள்தகடு. நீளத்திலும் ஃப்ரீரைடு ஸ்கீயைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைக்கலாம். திருப்பங்களில் கால் நன்றி சொல்லும்.

ஒரே ஜோடியில் எல்லாம் வேண்டும் என்பவர் 95 முதல் 102 மி.மீ., 1.5 முதல் 1.7 கிலோ என்ற நடுவழியில் நிற்கலாம். எதிலும் முதலிடம் பெறாது, எதிலும் கைவிடாது. எந்த வழி எடுத்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் காலுக்குப் பொருந்தும் பூட்ஸ், பிறகு அதற்கேற்ற பைண்டிங், கடைசியில் ஸ்கீ. இலகுவான மெல்லிய பூட்ஸால் 115 மி.மீ. ஸ்கீயைச் சாய்க்க முயல்வது, பென்சிலால் நெம்புகோல் போடுவது போன்றது.

பைக்குள் போகும் எடை

காலில் குறைத்த எடையைப் பையில் குறைக்காதீர்கள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவியான பீக்கன் உடம்பில், மண்வாரியும் துழாவுகோலும் பையில். இவை பேரத்துக்கு அப்பாற்பட்டவை. பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை புறப்படுவது 30 முதல் 45 பாகைச் சாய்வில். தேர்ந்த சறுக்காளர் ஆசையோடு தேடிப் போவதும் அதே சாய்வைத்தான். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு, முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. அகன்ற ஸ்கீ உங்களைப் பொடிப்பனியின்மேல் மிதக்க வைக்கும். அடியில் புதைந்திருக்கும் வலுவற்ற அடுக்கை அது வலுவாக்காது.

ஸ்கீ வாங்கும் முன் ஒரு பருவம் முழுக்கக் குறிப்பேடு வையுங்கள். இன்று எத்தனை மீட்டர் ஏறினேன், என்ன பனியில் இறங்கினேன், கால் எங்கே சோர்ந்தது, எங்கே நடுங்கியது. 1,200 மீட்டர் ஏறி இறங்கும் ஒரு நாளில் மூன்று மணி நேரம் ஏற்றம், அரை மணி நேரம் இறக்கம். நேரத்தை மட்டும் எண்ணினால் மிக இலகுவான ஸ்கீயே சரி. ஆனால் அந்த நாளின் மகிழ்ச்சியில் பெரும்பகுதியும் விழும் ஆபத்தில் பெரும்பகுதியும் அந்த அரை மணிக்குள் இருக்கின்றன. சோர்வு என்று அதிகம் எழுதியிருந்தால் பார்தெலின் பக்கம் நகருங்கள். நடுக்கம் என்று அதிகம் எழுதியிருந்தால் ஹூபரின் பக்கம். நம்பி இறங்க எவ்வளவு எடை தேவையோ, அவ்வளவை மட்டும் சுமந்து ஏறுவதே கணக்கு. அந்த எண் ஆளுக்கு ஆள் வேறு. உங்களுடையது உங்கள் குறிப்பேட்டில்தான் இருக்கிறது.